'சூடு புடிச்சிருக்கு'ன்னு சுண்ணாம்பு தடவினா போதுமா? நீர்க்கடுப்புக்குக் கைவைத்தியம் எதுவரை, மாத்திரை எப்போது?

கம்பம் பள்ளத்தாக்கில் விடியற்காலை என்றாலே ஜீப் சத்தம்தான். கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, உத்தமபாளையம் பக்கத்துப் பெண்கள் சாப்பாட்டுத் தூக்குடன் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். போடி பக்கத்தவர்களுக்குப் போடிமெட்டுப் பாதை. காய் எடுப்பது, களை எடுப்பது எனப் பகல் முழுக்க வேலை. திரும்பி வீடு சேர சாயங்காலம் ஆகிவிடும்.

இத்தனை மணி நேரத்தில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க முடியும்? பலரும் வெளியே பேசாத கேள்வி இது. கழிப்பறை தூரத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஆண்களும் வேலை செய்யும் இடத்தில் செடி மறைவுக்குப் போகக் கூச்சம். அட்டை, பாம்பு பயம் வேறு. அதனால் பலர் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிது: தண்ணியே குடிக்காம இருந்துட்டா, போக வேண்டிய அவசியமே வராதே!

இதே கணக்கைத்தான் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண்ணும் போடுகிறார். பள்ளிக் கழிப்பறையைப் பார்த்து முகம் சுளிக்கும் மாணவியும், ஞாயிறு இரவு ஊரிலிருந்து சென்னைக்குப் பஸ் ஏறும் ஐ.டி. ஊழியரும் போடுகிறார்கள். விளைவு எல்லோருக்கும் ஒன்றுதான்: ஒரு நாள் எரிச்சல் தொடங்கும். "சூடு புடிச்சிருக்கு, ஒண்ணுமில்ல" என்று வீட்டில் சொல்வார்கள்.

அது வெறும் சூடா, சிறுநீர்ப் பாதைத் தொற்றா? கைவைத்தியம் எதற்கு உதவும், எதற்கு உதவாது? மாத்திரை எப்போது? போட்ட பிறகும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சூடா, தொற்றா: எப்படிக் கண்டுபிடிப்பது?

'நீர்க்கடுப்பு', 'நீர்ச்சுருக்கு', 'சூட்டு வலி' என்று ஊரில் சொல்வது இரண்டு வேறு விஷயங்களாக இருக்கலாம்.

முதலாவது, உடலில் நீர் குறைந்து சிறுநீர் அடர்த்தியாகிவிடுவது. நிறம் அடர் மஞ்சளாக இருக்கும், அளவு குறைவாக இருக்கும், போகும்போது லேசாக எரியும். இதில் கிருமி கிடையாது. தண்ணீர் நன்றாகக் குடித்து, சிறுநீர் வெளிர் மஞ்சளுக்குத் திரும்பினால் சில மணி நேரத்தில் எரிச்சலும் போய்விடும்.

இரண்டாவது, யூ.டி.ஐ. எனப்படும் சிறுநீர்ப் பாதைத் தொற்று. இதில் பாக்டீரியா சிறுநீர்ப்பைக்குள் புகுந்து பெருகியிருக்கும். அறிகுறிகள் இவை: எரிச்சல், அடிக்கடி அவசரமாக வருவது, போனால் சொட்டுச் சொட்டாக மட்டும் போவது, அடிவயிற்றில் வலி, கலங்கலான சிறுநீர், சில சமயம் ரத்தம். தண்ணீர் குடித்தாலும் ஒரு நாளுக்குள் முழுமையாகச் சரியாகாது.

மருத்துவர்கள் இன்னொரு விஷயத்தையும் கேட்பார்கள்: வெள்ளைப்படுதலோ, பிறப்புறுப்பில் அரிப்போ இருக்கிறதா? எரிச்சலும் அடிக்கடி போகும் உணர்வும் இருந்து, இந்த இரண்டும் இல்லையென்றால், அது யூ.டி.ஐ.யாக இருக்க 90 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு உண்டு என்கிறது 2002-ல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வுத் தொகுப்பு. அரிப்பும் வெள்ளைப்படுதலும் இருந்தால் பிரச்சினை வேறாக இருக்கலாம். அதற்கு மருந்தும் வேறு.

பெண்களுக்கு ஏன் அதிகம்?

காரணம் உடல் அமைப்பு. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் ஆண்களுக்குச் சுமார் 20 செ.மீ. நீளம், பெண்களுக்குச் சுமார் 4 செ.மீ. மட்டுமே. அதன் வாயும் ஆசனவாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குடலில் சாதாரணமாக வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு இது குறுக்குவழி. சிக்கலில்லாத யூ.டி.ஐ.களில் நான்கில் மூன்றுக்கும் மேல் இந்த ஒரு பாக்டீரியாவால்தான் வருகின்றன. பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வந்துவிடும். உலக அளவில் 2019-ல் மட்டும் சுமார் 40 கோடி பேருக்கு வந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

ஆகவே இது 'சுத்தமில்லாதவர்களுக்கு வரும் நோய்' அல்ல. தவறான பழக்கத்தின் அடையாளமும் அல்ல. இந்த எண்ணத்தால்தான் பலர் வீட்டில்கூடச் சொல்லாமல் நாட்களைக் கடத்துகிறார்கள்.

சரி, சிறுநீரை அடக்கினால் என்ன ஆகும்? சாதகமான சூழலில் ஈ.கோலை ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். அதாவது ஆறு மணி நேரத்தில் 18 முறை. காகிதத்தில் கணக்குப் போட்டால் ஒரு பாக்டீரியா 2.6 லட்சமாகிவிடும். நிஜத்தில் சிறுநீர்ப்பைக்குள் இத்தனை வேகம் இருக்காது. உடலின் எதிர்ப்பும் வேலை செய்யும். ஆனால் அந்த எதிர்ப்பில் முக்கியமான ஆயுதமே சிறுநீர் கழிப்பதுதான். ஒவ்வொரு முறை போகும்போதும் உள்ளே நுழைந்த கிருமிகள் அடித்துச் செல்லப்படுகின்றன. தண்ணீரும் குடிக்காமல் அடக்கியும் வைத்தால், அந்த ஆயுதத்தை நாமே கீழே வைத்துவிடுகிறோம்.

மலைமேல் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஏலத்தோட்டத்தில் குளிர், மழை, மூடுபனி. குளிரில் தாகம் தெரியாது. உடல் உழைப்பில் வியர்வை போய்க்கொண்டே இருக்கும், ஆனால் தண்ணீர் ஞாபகமே வராது.

கைவைத்தியம்: எது உதவும், எது உதவாது?

எல்லாக் கைவைத்தியத்தையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியதில்லை. சிலது உண்மையிலேயே பயனுள்ளது, சிலது தீங்கில்லாதது, சிலது ஆபத்தானது.

கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு, தொப்புளில் விளக்கெண்ணெய்: கட்டைவிரல் நகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையில் மருந்து போக வழியே இல்லை. "தடவுன பத்து நிமிஷத்துல சரியாயிருச்சு" என்பவர்கள் பெரும்பாலும் கூடவே ஒரு சொம்புத் தண்ணீரும் குடித்திருப்பார்கள். வேலை செய்தது அந்தத் தண்ணீர்தான். தொப்புளில் எண்ணெய் வைப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் சுண்ணாம்பு தோலை அரிக்கும். கால் புண் ஆறாத சர்க்கரை நோயாளிகள் விரலில் தடவவே கூடாது.

நீர்மோர், பார்லித் தண்ணீர், சீரகத் தண்ணீர், நீராகாரம்: இவற்றின் பலன் முக்கியமாக அவற்றில் உள்ள நீரில்தான் இருக்கிறது. வெறும் தண்ணீர் குடிக்கப் பிடிக்காதவர்களுக்கு அருமையான வழி. உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இளநீர்: நல்லது. ஆனால் இதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களும், பொட்டாசியத்தைக் கூட்டும் ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது.

வாழைத்தண்டுச் சாறு: சின்னமனூர், கம்பம் பக்கம் வாழைக்குப் பஞ்சமில்லை, அதனால் வாழைத்தண்டுக்கும் இல்லை. பொதுவாக இதைக் கல்லடைப்புக்குக் குடிப்பார்கள். கல் வேறு, கிருமித் தொற்று வேறு. பொரியலாகவோ சாறாகவோ உணவில் சேர்க்கலாம். ஆனால் தொற்றுக்கு இதையே மருந்தாக நம்பி நாட்களைக் கடத்த முடியாது.

சிறுநெருஞ்சில்: சித்த மருத்துவத்தில் சிறுநீரைப் பெருக்க நெடுங்காலமாகப் பயன்படுத்தப்படுகிறது. சிறுநீர் அதிகம் வெளியேறினால் எரிச்சல் தணியலாம். எடுப்பதாக இருந்தால், முறையாகப் படித்த சித்த மருத்துவரைப் பார்த்து எடுங்கள். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தா பிரிவு இருக்கிறது. சாலையோரப் பொடியோ, யூடியூப் அளவோ வேண்டாம்.

சோடா உப்பு: சமையல் சோடாவைத் தண்ணீரில் கலந்து குடித்தால் எரிச்சல் நிற்கும் என்பார்கள். இதில் சோடியம் அதிகம். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு ஆபத்து.

திராட்சை ஜூஸ்: கிரான்பெர்ரி ஜூஸ் யூ.டி.ஐ.க்கு நல்லது என்று இணையத்தில் படித்துவிட்டு, "அதுக்குப் பதிலா நம்ம ஊரு திராட்சை போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கம்பம் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. சுவையில் அதற்கு ஈடில்லை. ஆனால் கிரான்பெர்ரியில் உள்ள ஒரு வகைச் சேர்மம், ஈ.கோலை சிறுநீர்ப்பைச் சுவரில் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. திராட்சையில் உள்ளது அதன் உறவுக்காரச் சேர்மம்தான், ஆனால் கட்டமைப்பு வேறு. அந்த ஒட்டவிடாத குணம் அதற்கு இல்லை. திராட்சையைச் சுவைக்காகச் சாப்பிடுங்கள், மருந்தாக நினைக்க வேண்டாம்.

அப்படியானால் கைவைத்தியத்தில் குணமானவர்கள் எல்லாம் பொய் சொல்கிறார்களா? இல்லை. ஆரோக்கியமான இளம்பெண்களுக்கு வரும் லேசான தொற்று சில சமயம் தானாகவே அடங்கிவிடும். ஜெர்மனியில் 494 பெண்களிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு ஆன்டிபயாடிக்கும் மற்றொரு பிரிவினருக்கு ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையும் கொடுத்தார்கள். வலி மாத்திரை சாப்பிட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆன்டிபயாடிக் இல்லாமலேயே தேறினார்கள். ஆனால் அவர்களுக்கு வலியும் எரிச்சலும் கூடுதலாக இருந்தன. சிறுநீரகம் வரை தொற்று பரவியதும் அந்தப் பிரிவில்தான் அதிகம். 'தானா சரியாகும்' என்று காத்திருப்பதில் உள்ள சிக்கல் இதுதான்: யாருக்குச் சரியாகும், யாருக்கு மேலே ஏறும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

மாத்திரை: மருத்துவர் எதை, ஏன் எழுதுகிறார்?

சிறுநீர்ப்பையோடு நிற்கும் சாதாரணத் தொற்றுக்கு இன்று பரவலாக முதலில் பரிந்துரைக்கப்படுபவை இரண்டு. ஒன்று நைட்ரோஃப்யூரன்டாயின், வழக்கமாக ஐந்து நாட்கள். மற்றொன்று ஃபாஸ்ஃபோமைசின், 3 கிராம் பொடியை ஒரே ஒரு முறை தண்ணீரில் கலந்து குடிப்பது. இரண்டுமே பழைய மருந்துகள். இருந்தாலும் ஈ.கோலைக்கு எதிராக இன்னும் நன்றாக வேலை செய்கின்றன.

நைட்ரோஃப்யூரன்டாயின் எழுதிக் கொடுத்தால் இவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், இல்லையென்றால் வயிற்றைப் புரட்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ போகலாம், பயப்பட வேண்டாம். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கும், பிரசவ நாள் நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தாது. காய்ச்சலும் விலா வலியும் வந்துவிட்டால், அதாவது தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால், இந்த மாத்திரை போதாது. ஏனென்றால் இது சிறுநீரில்தான் தேவையான அளவு சேரும், சிறுநீரகத் திசுக்களில் சேராது.

மெடிக்கலில் எரிச்சலுக்குக் கொடுக்கும் சிட்ரேட் சிரப் பற்றியும் ஒரு வார்த்தை. அது சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும், கிருமியைக் கொல்லாது. நைட்ரோஃப்யூரன்டாயினோ அமிலத்தன்மை உள்ள சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டையும் நீங்களாகச் சேர்த்துச் சாப்பிட்டால், சிரப் மாத்திரையின் வேகத்தைக் குறைத்துவிடும். மருத்துவரிடம் போகும்போது சிரப் குடித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

'ரெண்டு மாத்திரை குடுங்கண்ணே'

வேலைக்கு லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. அரசு மருத்துவமனையில் சீட்டு எடுத்துக் காத்திருக்க நேரமில்லை. ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூச்சம். எனவே வீட்டுக்குப் போகும் வழியில் மெடிக்கலில் "நீர்க்கடுப்புக்கு ரெண்டு மாத்திரை" என்று கேட்பதுதான் பலருக்கும் எளிது. காரணம் நியாயமானதுதான், ஆனால் விலை அதிகம்.

அப்படிக் கையில் கிடைப்பது பெரும்பாலும் நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், செஃபிக்ஸிம் போன்றவை. ஒரு காலத்தில் யூ.டி.ஐ.க்கு நன்றாகக் கேட்ட மருந்துகள். இன்று நிலைமை மாறிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கண்காணிப்பு அறிக்கைகளில், மருத்துவமனைகளில் சேகரித்த ஈ.கோலை மாதிரிகளில் பாதிக்கும் மேற்பட்டவை சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் செஃபிக்ஸிம் குடும்ப மருந்துகளுக்கும் கட்டுப்படுவதில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளால் தசைநார், நரம்புப் பாதிப்பு வரலாம் என்பதால், சாதாரண யூ.டி.ஐ.க்கு வேறு வழி இருக்கும்போது அவற்றைத் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-லேயே எச்சரித்தது.

இரண்டு மாத்திரையில் எரிச்சல் அடங்கும். பலவீனமான கிருமிகள் சாகும், தாக்குப்பிடித்தவை மிஞ்சும். அடுத்த முறை வரும்போது அதே மாத்திரை கேட்காது. அதைவிடப் பெரிய மருந்து தேவைப்படும். அதுவும் கேட்காவிட்டால் ஊசி, அட்மிஷன். அன்று மிச்சப்படுத்திய ஒரு நாள் கூலி, இங்கே பல நாள் கூலியாகப் போய்விடும்.

இதற்காகத்தான் செஃபிக்ஸிம் உட்பட 46 மருந்துகளை 'ஷெட்யூல் ஹெச்1' பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள இந்த விதியின்படி, மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது. விற்ற விவரத்தைப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சொல்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து என்று அர்த்தம். அடுத்த முறை மாத்திரை அட்டையைக் கையில் வாங்கும்போது அந்தக் கோட்டைத் தேடிப் பாருங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரையும், போன தடவை மிச்சம் வைத்த நான்கு மாத்திரையும் இதே கணக்கில்தான் வரும்.

டெஸ்ட் எப்போது, எப்படி?

முதல் முறை வரும் சாதாரணத் தொற்றுக்கு, அறிகுறிகளையும் எளிய சிறுநீர்ப் பரிசோதனையையும் வைத்தே சிகிச்சை தொடங்கலாம். யூரின் கல்ச்சர் என்பது வேறு. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று அது சொல்லும். முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். அடிக்கடி வருபவர்கள், மருந்து கேட்காதவர்கள், கர்ப்பிணிகள், ஆண்கள், காய்ச்சல் உள்ளவர்கள் ஆகியோருக்கு கல்ச்சர் அவசியம். தேனி மாவட்டத்தில் க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்பி வைப்பது பெரும்பாலும் இதற்காகத்தான்.

மாதிரி கொடுப்பதில் மூன்று விஷயங்கள்: ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டும். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான டப்பாவில் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். காலையில் பிடித்து மத்தியானம் வரை பையில் வைத்திருந்தால் கிருமி டப்பாவுக்குள்ளேயே பெருகி, ரிப்போர்ட் தவறாக வரும்.

இன்னொன்று: எந்த அறிகுறியும் இல்லாமல், வேறு காரணத்துக்கு எடுத்த ரிப்போர்ட்டில் 'பஸ் செல்ஸ்' அல்லது பாக்டீரியா என்று வந்தால் உடனே ஆன்டிபயாடிக் தேவையில்லை. வயதானவர்களிடம் இது சகஜம். கர்ப்பிணிகளும் சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சை செய்யப்போகிறவர்களும்தான் முக்கிய விதிவிலக்கு.

யார் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது?

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், முதுகுப் பக்கம் விலாவில் வலி, வாந்தி: தொற்று சிறுநீரகத்துக்குப் போய்விட்டதற்கான அடையாளம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரவாக இருந்தாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

கர்ப்பிணிகள்: அறிகுறியே இல்லாமல்கூடத் தொற்று இருக்கலாம். விட்டுவிட்டால் சிறுநீரகத் தொற்று, குறைப்பிரசவம் வரை போகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆல்புமின், சர்க்கரைக்குச் சிறுநீர் பார்த்ததே போதும் என நினைக்க வேண்டாம். கல்ச்சர் தேவையா என்று கேளுங்கள்.

சர்க்கரை நோயாளிகள்: இவர்களுக்குத் தொற்று வேகமாகத் தீவிரமடையும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. இதனால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் வரலாம். அதை யூ.டி.ஐ. என்று நினைத்து ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் பூஞ்சை இன்னும் கூடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆண்கள், குழந்தைகள்: ஆண்களுக்கு யூ.டி.ஐ. வருவது குறைவு. வந்தால் புராஸ்டேட், கல் போன்ற காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம்.

வயதானவர்கள்: திடீர்க் குழப்பத்துடன் காய்ச்சலோ நடுக்கமோ இருந்தால் உடனே காட்டுங்கள்.

இரவில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.

திரும்ப வராமல் தடுப்பது எப்படி?

மாத்திரை இன்றைய தொற்றைத்தான் முடிக்கும். அடுத்த மாதம் வருவதை அது தடுக்காது. தடுப்பில் நல்ல ஆதாரம் உள்ள முதல் விஷயம், சாதாரணத் தண்ணீர்.

2018-ல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. பல்கேரியாவில், அடிக்கடி யூ.டி.ஐ. வரும், தினமும் ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் வழக்கத்தைவிடத் தினமும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது; மற்றவர்களுக்கு 3.2 முறை. ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது.

தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இதை எப்படிச் செய்வது? ஜீப் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்பு வீட்டில் சிறுநீர் கழித்துவிட்டுக் கிளம்புவது. தோட்டத்துக்கு ஒரு லிட்டர் பாட்டிலைக் கொண்டுபோய் ஒரே மூச்சில் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, நான்கு பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் காவலாகப் போவது. வீடு திரும்பியதும் மீதித் தண்ணீரைக் குடிப்பது. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் எளிது: மீட்டிங் முடியட்டும் என்று அடக்காமல், வரும்போதே எழுந்து போவது. இதய, சிறுநீரக நோயால் தண்ணீர் அளவு குறிக்கப்பட்டவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிரான்பெர்ரி: 2023-ல் வெளியான கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 50 ஆய்வுகளை அலசியது. அடிக்கடி யூ.டி.ஐ. வரும் பெண்களுக்கு, மீண்டும் வரும் வாய்ப்பை கிரான்பெர்ரி சுமார் கால் பங்கு குறைப்பதாகக் கண்டது. இது தடுப்புக்குத்தான், வந்துவிட்ட தொற்றைக் குணப்படுத்த அல்ல. விலையும் அதிகம். வாங்க முடிந்தவர்கள் சர்க்கரை சேர்க்காததாகப் பார்த்து வாங்கலாம். முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம், தண்ணீர் இருக்கிறது.

டி-மேனோஸ்: ஆன்லைனில் பிரபலமாக விற்கும் பொடி. பிரிட்டனில் 598 பெண்களிடம் நடத்தி 2024-ல் வெளியிட்ட ஆய்வில், வெறும் பொடிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. காசை மிச்சப்படுத்துங்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு அடிக்கடி வந்தால்: ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் குறைந்துவிடும். அந்த இடத்தில் பூசும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் தொற்றைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ஐம்பதைத் தாண்டிய அம்மாவுக்கு மாதாமாதம் வருகிறது என்றால், மகளிர் மருத்துவரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

சின்னப் பழக்கங்கள்: முன்னிருந்து பின்னாகக் கழுவுவது, தாம்பத்திய உறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பது, நனைந்த உள்ளாடையை மாற்றுவது. இவற்றுக்குப் பெரிய ஆய்வு ஆதாரம் இல்லாவிட்டாலும் செலவும் இல்லை, தீங்கும் இல்லை. ஆனால் வாசனை வாஷ், டெட்டால் கலந்த தண்ணீர் வேண்டவே வேண்டாம். நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அவை அழித்துவிடும்.

ஆறு மாதத்தில் இரண்டு முறை, அல்லது ஓராண்டில் மூன்று முறை வந்தால் அதை 'திரும்பத் திரும்ப வரும் யூ.டி.ஐ.' என்பார்கள். அந்த நிலையில் ஒவ்வொரு முறையும் தனித்தனியாக மாத்திரை வாங்குவதை நிறுத்திவிட்டு, காரணம் தேடும் பரிசோதனைக்கும் தடுப்பு மருந்துக்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கழிப்பறையும் மருந்துதான்

'நிறைய தண்ணி குடிங்க' என்று சொல்வது சுலபம். குடித்த பிறகு போக இடம் வேண்டுமே?

இது சலுகையாகக் கேட்க வேண்டிய விஷயம் அல்ல. 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 8-வது பிரிவு குடிநீரையும், 9-வது பிரிவு ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனியான, எளிதில் போய்வரக்கூடிய கழிப்பறைகளையும் கட்டாயமாக்கியது. ஏலத்தோட்டங்களும் அந்தச் சட்டத்துக்குள் வந்தன. பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றாக்கிய 2020-ம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் பணியிடத்தில் குடிநீர், கழிப்பறை வசதிகளைக் கேட்கிறது. ஆனால் 1951 சட்டமே 5 ஹெக்டேருக்கும் 15 தொழிலாளர்களுக்கும் குறையாத தோட்டங்களுக்குத்தான் பொருந்தியது. சின்னச் சின்ன ஏலத்தோட்டங்களில், நாளுக்கொரு தோட்டம் மாறிப் போகும் தினக்கூலிப் பெண்களுக்கு இந்த உரிமை பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

குடிநீர்க் குடத்தின் பக்கத்தில் கதவுள்ள ஒரு தற்காலிகக் கழிப்பறை, ஒரு வாளித் தண்ணீர், வேலைக்கு நடுவில் கேள்வி கேட்காத பத்து நிமிட இடைவேளை: ஒரு தோட்டத்துக்கு இது பெரிய செலவில்லை. ஜவுளிக்கடைக்கும் அலுவலகத்துக்கும் இதே பேச்சுதான். தண்ணீர் குடிக்கப் பயப்பட வேண்டாத இடத்தில்தான் மருத்துவர் எழுதிய மாத்திரையின் பலனும் நிலைக்கும்.

அதுவரை, ஊரிலிருந்து அம்மா போனில் "சூடுதான், சரியாயிரும்" என்று சொன்னால், ரெண்டு கேள்வி கேளுங்கள்: "காய்ச்சல் இருக்காம்மா? தண்ணி குடிச்ச பிறகும் எரியுதா?" ஒன்றுக்காவது 'ஆமா' என்று பதில் வந்தால், சுண்ணாம்பை எடுத்து வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.